குரலை விழுங்கிய சிவப்பு வேன்

"பின்னால எடுங்க!"

"நீங்க எடுங்க!"

செம்மண் சாலையில் இரண்டு வேன்கள் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றன. இருபுறமும் ரப்பர்ப் பால்மரக் காடு. நடுவில் ஒரே ஒரு வண்டி போகத்தான் இடம். மழையோ சோவென்று கொட்டியது...

சிவப்பு வேனில் பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். தம்பின் ஊர்ப் படக்கொட்டகை முதலாளி நல்லசாமியின் ஒரே மகள். வேனின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாய், அவள் கையில் மைக். தோட்டம் தோட்டமாகப் போய்த் தீபாவளிப் படத்துக்கு அறிவிப்புச் செய்வது அவள் வேலை. எதிரே நின்ற பச்சை வேன் பக்கத்து ஊரான கோலா பிலாவின் கொட்டகையுடையது. அதன் கூரையிலும் ஒரு குழாய். அவர்களுக்கும் அதே தீபாவளி. படம் மட்டும் வேறு.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின் ஐந்தாவது வருஷம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. தோட்டத்து ஜனங்களுக்குப் படம் என்றால் பகல் ஆட்டம்தான், அதுவும் திருநாளில்தான். இந்தத் தீபாவளிக்கு எந்தக் கொட்டகை நிறைகிறதோ அதற்குத்தான் அடுத்த படப்பெட்டி என்று படம் அனுப்பும் சிங்கப்பூர்க் கம்பெனி சொல்லிவிட்டது. இந்த நேரத்தில் எதிரி வண்டிக்கு வழி விடுவதா?

பஞ்சாலை மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "கோலா பிலா வண்டி... உடனே பின்னால போகணும்!"

குழாயிலிருந்து வந்தது அவள் குரல் இல்லை. வீஈஈஈங்... என்று ஓர் இரைச்சல். டிரைவர் மணியம் மாமா பதறிப்போய் எண்ணெய் மிதியை அழுத்த, அந்த வீங் இன்னும் உச்சத்துக்கு ஏறிக் காதைத் துளைத்தது. மரத்திலிருந்த குருவிகள் மழையையும் பார்க்காமல் பறந்தன.

பச்சை வேன்காரன் சிரித்தான். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு இறங்கி, மழையில் நனைந்தபடியே அவள் ஜன்னலோரம் வந்தான்.

"என்ன சிரிப்பு?" என்று சீறினாள்.

"பாட்டு பிரமாதமா இருக்குங்க. ஆனா டைனமோதான் பாடுது லா. நீங்க பாடுறது கேட்கவே இல்லையே."

'திமிரைப் பாரு' என்று நினைத்தாள். திமிர்தான்... ஆனால் மழைத்துளி நின்ற இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் கேலி செய்யவில்லை. என்னமோ கேட்டன.

"எப்ப இருந்து இப்படி?"

"ஒரு வாரமா. உங்களுக்கு எதுக்கு?"

"அண்ணே, இஞ்சினை நிறுத்துங்க" என்றான் மணியத்திடம். "இப்பப் பேசுங்க."

இஞ்சின் நின்றது. மழைச் சத்தம் மட்டும். அவள் தயங்கித் தயங்கி, "வணக்கம்..." என்றாள்.

அந்த ஒரு சொல் பால்மரங்களுக்கு நடுவே நடந்து போய், எதிர் மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஈரமாய், தெளிவாய்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுக்கு?"

"சோ... சோதனைக்கு."

அவன் காது சிவந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மழையில் நனைந்தால் காது சிவக்குமா என்ன?

அடுத்தடுத்துச் சோதனைகள். மைக்கைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓட்டச் சொன்னான், இரைச்சல் இருந்தது. அப்படியானால் கோளாறு மைக்கில் இல்லை. இஞ்சினை வேகப்படுத்தினால் சத்தமும் ஏறியது, அப்படியானால் டைனமோதான். தன் வேனுக்கு ஓடி, பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டு ஏதோ செய்தான். வாலோடு கூடிய எலிக்குட்டி மாதிரி, கம்பி தொங்கும் ஒரு சின்னத் தகர டப்பாவோடு திரும்பி வந்தான்.

"கண்டென்சர். டைனமோ பண்ற கலாட்டாவை இது அமுக்கிடும்."

"உங்களுக்கு?"

"ஸ்பேர் இருக்கு லா. சும்மா கிடந்தது."

டப்பாவை மாட்டியதும் இரைச்சல் பாதியாகத் தணிந்தது. ஆனால் கொசு பாடுகிற மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் போகவே இல்லை.

"எர்த் சரியாப் பிடிக்கல போல. போன கரண்டு வண்டியோட இரும்பு வழியாத்தான் திரும்பி வரணும். அந்த வழி எங்கயோ அடைச்சிருக்கு. நாளைக்குப் பார்க்கலாமா?"

"நாளைக்கா? நீங்க எதிரிக் கொட்டகை!"

"எதிரிதான். எதிரிக்குக் காது இருக்கக் கூடாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு?" என்றான்.

"பஞ்சாலை."

அவன் திகைத்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"ஏன், என் பேருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல... என் பேரு அர்ச்சுனன்."

மணியம் மாமா பக்கென்று சிரித்துவிட்டார். "பாஞ்சாலிக்கு அர்ச்சுனன்! பேர்ப் பொருத்தம் பார்க்க ஜோசியரே வேணாம் லா!"

பஞ்சாலைக்கு முகமெல்லாம் சூடேறியது. அர்ச்சுனன் தன் வேனைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போனான்... சாலை அகலமாகும் வளைவு வரைக்கும். கடந்து போகும்போது அவள் தலையை நீட்டி, "தோத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான். அதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவனை அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் அப்பாவும் கூட வந்தார். "வண்டிக்குக் குரல் வந்துருச்சாமே, நானும் கேட்கிறேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எப்படி வந்தது என்று பஞ்சாலை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கோலா பிலா முதலாளி கணேசமூர்த்தியும் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே கொட்டகையின் கூட்டாளிகள். சண்டையில் பிரிந்த பிறகு, அந்தப் பெயரை வீட்டில் உச்சரித்தாலே சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அர்ச்சுனன் அந்தக் கணேசமூர்த்தியின் அக்கா மகன்.

மூங்கில் தோட்டத்துக் கேட்டில் வழக்கமான சோதனை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிய மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவன் பானெட்டைத் தூக்கினான்.

"மெதுவா லா! பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு, கீறல் விழப் போவுது!" என்று அப்பா கத்தினார்.

கான்ஸ்டபிளின் முகம் வெளுத்தது. டைனமோவின் மேல் ஒரு தகர டப்பா... அதிலிருந்து ஒரு கம்பி...

"போம்! போம்!" குண்டு என்று மலாயில் அலறினான்.

அடுத்த கணம் கேட்டில் ஆளே இல்லை. கான்ஸ்டபிள்கள் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். மணியம் மாமா சாக்கடையில் குதித்தார். அவர் மேலேயே அப்பாவும் விழுந்தார். சார்ஜண்ட் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "டிரைவர்! யார் வச்சது? உண்மையைச் சொல்லு!" என்று அலறினார். மணியம் மாமாவின் கைகள் தானாக மேலே போயின.

பஞ்சாலை சாக்கடைப் பக்கம் பார்த்தாள். இந்தக் காலத்தில் சந்தேகம் ஒன்று போதும். மாமாவைப் பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ, யாருக்குத் தெரியும்?

அவள் வேனிலிருந்து இறங்கினாள். நேராகப் பானெட்டுக்கு நடந்தாள். எல்லோரும் பார்க்க, அந்த டப்பாவைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது குண்டு இல்ல சார்! ஒலிபெருக்கி இரையாம இருக்க மாட்டின கண்டென்சர். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டினது... கோலா பிலா வண்டிக்காரர் அர்ச்சுனன்."

சார்ஜண்ட் கிட்டே வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஆனால் சாக்கடையிலிருந்து சேறு சொட்டச் சொட்ட எழுந்த அப்பாவின் முகம்தான் வெடிக்கப் போகிற குண்டாக இருந்தது.

"கணேசமூர்த்தி மருமகனா? அவன் சாமான் என் வண்டியிலயா?" கம்பியைப் பிடுங்கி, டப்பாவை வேன் சீட்டில் எறிந்தார். "நம்ம குரல் இரைஞ்சே போகட்டும். அவன் தயவு நமக்கு வேணாம். இனிமே அவன்கிட்ட நீ பேசக் கூடாது!"

வேன் லயத்துக்குள் நுழைந்தது, வீஈஈங் என்று அழுதுகொண்டே. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பஞ்சாலையின் கண்களில் நீர் முட்டியது. இவ்வளவு ரோஷமா அப்பாவுக்கு? தனக்கும்தான் ரோஷம் இருக்கிறது...

சட்டென்று ஒன்று உறைத்தது. பெயிண்ட் அடித்து ஒரு வாரம். இரைச்சல் வந்தும் ஒரு வாரம். வழி எங்கயோ அடைச்சிருக்கு...

பின்பக்கம் தாவி, ஆம்ப்ளிஃபையரை நகர்த்தினாள். அதன் எர்த் வயர் தரைத் தகட்டில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று புதுச் சிவப்புப் பெயிண்ட்! இரும்பை வயர் தொடவே இல்லை. மணியம் மாமாவிடம் ஸ்பேனர் வாங்கிப் போல்ட்டைக் கழற்றினாள். லயத்து வாசலில் நின்ற செல்லம்மா அக்காவிடம் பால்வெட்டுக் கத்தியை வாங்கி, வெள்ளை இரும்பு தெரிகிற வரை பரபரவென்று சுரண்டினாள். "ஐயோ பெயிண்டு!" என்று அப்பா அலறியது காதிலேயே விழவில்லை. வயரை அழுத்தி முடுக்கினாள். மைக்கை எடுத்தாள்.

"வணக்கம் மூங்கில் தோட்டத்து மக்களே!"

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவள் குரல் மணி மாதிரி ஒலித்தது. கதவுகள் திறந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். அப்பா வாயைப் பிளந்து நின்றவர், மகளின் கன்னத்தைத் தட்டினார். "என் ராசாத்தி!"

அப்போதுதான் மேட்டு லயத்துப் பக்கமிருந்து அது கேட்டது. வீஈஈஈங்... படபட... வீஈஈங்...

பச்சை வேன்.

"கேட்டியா, கேட்டியா!" அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இப்ப அவனுக்கு வந்துருச்சு!"

பஞ்சாலை சிரிக்கவில்லை. சீட்டில் கிடந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் தீற்றல். ஸ்பேர் இல்லை... சும்மா கிடந்ததும் இல்லை! மழையில் நனைந்துகொண்டே தன் வண்டியிலிருந்து கழற்றியிருக்கிறான்...

"அப்பா" என்றாள். "அவருக்குத் தானா வரல. தன் வண்டியில இருந்ததைக் கழட்டித்தான் நமக்குக் குடுத்திருக்காரு."

நல்லசாமியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவரும் ஒரு காலத்தில் மைக் பிடித்தவர்தான். அந்த இரைச்சல் வந்த பக்கம் திரும்பினார்.

"முட்டாப் பய" என்றார் கடைசியில், கோபமே இல்லாமல். "அறிவிப்புக்காரன் தன் தொண்டையையா கழட்டிக் குடுப்பான்?" பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போய்க் குடுத்துட்டு வாம்மா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

அர்ச்சுனன் இஞ்சினை நிறுத்திவிட்டு, தொண்டை கம்மக் கம்ம வெறும் வாயால் கத்திக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க எதிரே வந்து நின்றவளைப் பார்த்ததும் பாதிச் சொல்லில் நின்றுபோனான்.

"ஸ்பேர்னு சொன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய்யா?"

"ம்."

"ஏன்?"

"மழையில... நீங்க வணக்கம்னு சொன்னீங்க இல்ல?" கம்மிய குரலில் தட்டுத்தடுமாறினான். "அது எல்லா லயத்துலயும் கேட்கணும்னு தோணிச்சு. அப்புறம் என் படம், மாமா கொட்டகை... எதுவுமே ஞாபகம் வரல."

"மாமா திட்டலையா?"

"திட்டினாரு லா. ஒரு லோரி நிறைய ஏத்தலாம், அவ்வளவு திட்டு."

"எங்கப்பாவும்தான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அவன் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. இந்த முறை அவள் இமை தாழவில்லை.

"பஞ்சாலை... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னா... வாழ்நாள் பூரா."

அவள் பானெட்டைத் தூக்கி, அதற்குள் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். "இந்தக் கம்பி எங்க போகுதுன்னு சொல்லுங்க. நான் மாட்டுறேன்."

"மாட்டலாம்... பதில் சொல்லலையே?"

"பதிலா?" உள்ளிருந்து சின்னக் குரல் வந்தது. மைக் இல்லாத, அவன் ஒருவனுக்கு மட்டுமே கேட்கிற குரல். "எங்கப்பா கீழ் லயத்துல நிக்கிறாரு. போய்ப் பேசுங்க. பொண்ணு சரின்னு சொல்லிட்டான்னு... தைரியமாச் சொல்லுங்க."