கெண்டை பிரண்ட கால்

வலது கெண்டைக்கால் இடதைவிடச் சூடாக இருந்தது. றொட்னி விரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது, நிரம்பவில்லை.

படகு எஞ்சின் விழுந்து நொறுங்கிய பாதத்துக்கு ஆணி வைத்துப் பதினெட்டு நாள். ஆஸ்பத்திரியில் ஊன்றுகோலோடு நடக்கச் சொல்லியிருந்தார்கள். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தான். இன்று போனில் வீக்கத்தைச் சொன்னதும் தாதியின் குரல் மாறியது: "காலுக்கை இரத்தம் கட்டியிருக்கலாம். ஒருத்தரும் தொடாதேங்கோ. கட்டி கழண்டா நெஞ்சுக்குப் போயிடும். உடனே வாங்கோ."

மனைவி ஜெஸ்லியா ஆட்டோ பிடிக்கத் தாழ்வுபாட்டுச் சந்திக்கு ஓடியிருந்தாள். சோளகக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட, முற்றத்துக் கருவாட்டின் உப்பு நெடியும் துணிக்கட்டின் மருந்து நெடியும் அறைக்குள் கலந்து நிற்க, ஒவ்வொரு இரைச்சலையும் ஆட்டோ என்று எண்ணியபடி அவன் அசையாமல் கிடந்தான். மணலில் காலடி. திரைச்சீலையில் அகன்ற நிழல். பிறகு நல்லெண்ணெய் வாசம்.

அண்ணன் பேதுரு. சங்கு குளிக்கிறவர். நீருக்கடியில் கெண்டை பிரண்டு, சதை பிடித்துக்கொண்டவனை மேலே இழுத்ததும் இரக்கமில்லாமல் உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவு. அந்தக் கைகள் றொட்னியை இரண்டு தடவை மீட்டிருந்தன.

"கெண்டை பிரண்டு கிடக்கு. இதுக்கு ஆஸ்பத்திரியோ?"

"தொடாதேங்கோ அண்ணை. கட்டி நெஞ்சுக்கு ஏறுமாம்."

"உனக்கு ஏறுறது சாராயம்தான்டா."

பேதுரு காலைப் பிடிக்கக் குனிந்தார். றொட்னி அவர் வாயில் குத்தினான். உதடு கிழிந்து இரத்தம் சொட்டியது.

"கடலுக்கையும் இப்பிடித்தான் அடிச்சனீ," என்று சிரித்தார் பேதுரு. தோளில் கிடந்த துவாயால் அவன் கைகளைக் கட்டில் சட்டத்தோடு இறுக்கினார். முதுகைக் காட்டி அவன் தொடைகளில் ஏறி உட்கார்ந்தார்.

பெருவிரல்கள் இறங்கின. சதை எலும்போடு நசுங்கியது. அலறினான். கீழிருந்து மேலாக. மறுபடியும். பாதத்தின் தையல் பிரிந்து துணிக்கட்டு சிவந்தது. மறுபடியும்.

தொலைவில் ஆட்டோ.

முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இளகியது. வலி நின்றது.

"பாத்தியோ?" என்றார் அண்ணன்.

பிறகு நெஞ்சு. கத்திபோல். மூச்சு உள்ளே வரவில்லை. வாய் திறந்தது. சத்தம் இல்லை. நாக்கில் இரும்புச் சுவை. கட்டிய கைகள் துடித்தன. நின்றன.

வாசலில் ஆட்டோ. ஜெஸ்லியாவின் செருப்புச் சத்தம்.

"மெதுவா வா பிள்ளை," பேதுரு திரும்பாமலே சொன்னார். "இப்பதான் நித்திரையாகிறான்."

மூட முடியாத றொட்னியின் கண்களுக்கு முன்னால் அந்தப் பெரிய முதுகு ஏறி இறங்கியது. எண்ணெயும் இரத்தமும் வழிந்த கைகள், இப்போது இடது காலை எடுத்து, நிதானமாக உருவத் தொடங்கின.