பார்க்காத முகம்

பதினாறு நாளாகப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த ஆயாவின் புடவையை வெளியே எடுத்தபோது, யாரோ இப்போதுதான் அவிழ்த்துப் போட்டதுபோல அதில் உடம்புச் சூடு இருந்தது.

அன்புக்கரசி அதைச் சட்டென்று கட்டிலில் போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. காலையில் காரியம் முடிந்து, சொந்தக்காரர்களை வல்லம் பஸ்ஸில் ஏற்றிவிட நைனா போயிருந்தார். ராஜகிரி மலைக்கு மேலே மழை கட்டிக்கொண்டு வந்ததில் நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. கரண்டும் போயிற்று.

தாயில்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவள் பாட்டி, ஆயா ராஜாம்பாள்தான். "ஆயா உன்னியே கேட்டுனு இருக்குது, ஒடனே வாம்மா" என்று நைனா போன் செய்த அன்று, சென்னையில் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். செஞ்சியில் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

ஓட்டின்மேல் தூறல் விழும் சத்தத்துக்கு அடியில், பின்கட்டு அறையிலிருந்து சீப்புப் பல்லை நகத்தால் வழிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. கூடவே விளக்கெண்ணெய் வாசனை. அதற்குள் புது மண்ணின் ஈர வாடை.

"நைனா?"

"வா புள்ள. தல இன்னா இப்டி கெடக்குது?"

ஆயாவின் குரல். ஓடியிருக்க வேண்டும். கால்கள் குரலைப் பார்த்துத்தான் நடந்தன.

அறை நடுவில் ஒரு சின்ன உருவம், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. நரைத்த முடி தரைவரை அவிழ்ந்து கிடந்தது. அன்புக்கரசிக்கு அழுகை பொங்கியது.

"தப்பு என்னுதுதான் ஆயா. வந்திருக்கணும். ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டு."

"பாரேன். ஒனக்காவத்தான குந்தினு இருக்கறேன்."

சுற்றி வந்தாள். எதிரிலும் பின்னந்தலைதான்.

இன்னொரு பக்கம் வந்தாள்.

முடி.

மண்டியிட்டாள். இரண்டு கையாலும் முடியை விலக்கினாள். உள்ளே முடி. அதையும் விலக்கினாள். குளிர்ந்த, ஈரமான முடி. மணிக்கட்டு வரை போயிற்று கை. முழங்கை வரை.

நெற்றி இல்லை. கண் இல்லை. கன்னம் இல்லை.

உள்ளே, ஆழத்தில், ஆயா தேம்பினாள்.

"பாத்துட்டியா, புள்ள?"