ஆடாத பலகை

படுக்கை விரிப்பில் சுற்றிய பொதியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்ததால் ரஞ்சினி கதவைக் காலால்தான் தட்டினாள். காலால் தட்டியது அவளுடைய மனநிலைக்கும் பொருந்தித்தான் இருந்தது. 1977 ஆடி மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல். மெல்பேர்ண் குளிரில் கிளேட்டன் தெருக்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் கொதித்தது.

கதவைத் திறந்தவன் சடகோபன். தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவன். அந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே மேசையருகில் இருந்தவர் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. கொழும்பில் இருபத்திரண்டு வருடம் காப்புறுதி நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளைச் சோதித்தவர். எந்தப் பண்டகசாலை தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வார் என்பார்கள். இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் வேலை. ஆனாலும் தமிழ்ச் சனம் தங்கள் சிக்கல்களை அவரிடம்தான் கொண்டுவந்தது.

"ஐயா, ஆளைக் கண்டுபிடிச்சுத் தரச்சொல்லி நான் வரேல்லை," என்றாள் ரஞ்சினி. "ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும். சாட்சிதான் வேணும்."

பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தாள். சதுரங்கக் கழகத்தின் இறுதிப் போட்டிக்காக அவள் கையால் செய்த பலகை. கபில நிறக் கட்டங்களும் வெண்ணெய் நிறக் கட்டங்களும் கண்ணாடிபோல் மினுங்கின. நடுவே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, நீளமாக ஒரு பிளவு.

"நித்தியானந்தன் உடைச்சது. சதுரங்கக் கழகத்துச் செயலாளர். முப்பது பேருக்கு முன்னாலை அவரின்ரை முகத்துக்கு நேரை சொன்னனான். அண்டைக்கே பதவியை விட்டிட்டுப் போனவர். இப்ப கடிதம் போட்டிருக்கிறார்." அவள் கடிதத்தை நீட்டினாள். அதில் ஒரே வரி: நான் உடைத்தேன் என்று சபையில் சொன்னீர், சபையில் நிரூபியும்.

ஈஸ்வரமூர்த்தி கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். "முதலிலை இருந்து சொல்லும், பிள்ளை. மரத்திலை இருந்து."

மரக்கதை எதற்கு என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சொன்னாள். ஊரில் அவள் கணித ஆசிரியை. இங்கே அந்தப் படிப்பு செல்லவில்லை. ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மெருகூட்டும் பிரிவில் நின்று மரத்தைக் கற்றுக்கொண்டாள்.

"கறுப்புக் கட்டத்துக்கு முதலிலை ஜாரா மரம் எடுத்தனான். நல்ல சிவப்பு. ஆனா தேய்க்கேக்கை அந்தச் சிவப்புத் தூள் வெள்ளை மரத்துக்குள்ளை இறங்கிடும். அதாலை டாஸ்மேனியா பிளாக்வுட் எடுத்தன். வெள்ளைக்கு சில்வர் ஆஷ். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வைரம். சீவுளி ஒண்டிலை சிக்கி மற்றதிலை வழுக்காது. நீளமாய் அறுத்த நாலு கறுப்புக் கீலம், நாலு வெள்ளைக் கீலம். மாறி மாறி ஒட்டி, பிறகு குறுக்கை எட்டாய் வெட்டி, ஒண்டுவிட்டு ஒண்டைத் திருப்பி வைச்சு ஒட்டினால் கட்டம் வரும்."

"என்ன பசை?"

"வச்சிரம். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. வேறை பசை நான் தொடுறேல்லை."

"சுத்திவர இருக்கிற சட்டகம்?"

"சட்டகத்திலை பள்ளமாய்க் காடி வெட்டி, பலகையை அந்தக் காடிக்குள்ளை சும்மா செருகினனான். ஒட்டேல்லை. மரம் ஈரத்துக்கு ஊதும், வெக்கைக்குச் சுருங்கும். அதுக்கு இடம் விடவேணும். தூக்கி ஆட்டினால் டக் டக் எண்டு சத்தம் கேக்கும். அதைத்தான் அவர் பழிச்சவர்." அவள் குரல் உயர்ந்தது. "கழகத்திலை காட்டக் கொண்டுபோன அண்டைக்கு, எல்லாருக்கும் முன்னாலை தூக்கி ஆட்டிப்போட்டு, இறுதிப் போட்டிக்குக் கிலுகிலுப்பையோ கொண்டந்தனீர் எண்டு கேட்டவர். எல்லாரும் சிரிச்சவை."

அன்று அவள் கடைசி மெருகு போடப் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் திங்கட்கிழமை காலை, கணவர் தேவராஜா வேலைக்குப் போகும் வழியில் கழகம் கூடும் மண்டபத்தில் கொடுத்தார். நித்தியானந்தன் வாங்கி அலுமாரியில் பூட்டினார். திறப்பு அவரிடம் மட்டுமே. அடுத்த ஞாயிறு திறந்தபோது பலகை பிளந்து கிடந்தது.

"சார், இது ரொம்ப நேரா இருக்கு," என்றான் சடகோபன். இறுதிப் போட்டியில் ஆட வேண்டியவர்களில் அவனும் ஒருவன், அவனுக்கும் ஆத்திரம். "சாவி ஒருத்தர்கிட்டதான். கிண்டல் பண்ணதும் அவர்தான். சுத்தியலைத் துணியில சுத்தி அடிச்சிருப்பார், தடம் விழாம."

"தானாய் வெடிக்காது, ஐயா," என்றாள் ரஞ்சினி. "சுருங்க இடம் விட்டுச் செய்த பலகை. அதாலைதான் அடிச்சது எண்டு உறுதியாய்ச் சொல்லுறன்."

"உடைஞ்சதைக் கண்ட பிறகு நீர் இதைச் சரியாய்ப் பாத்தனீரோ?"

"இல்லை. விரிப்பிலை சுத்தினனான், சுத்தினபடியே கிடந்தது. பாக்க மனம் வரேல்லை."

ஈஸ்வரமூர்த்தி சட்டைப்பையிலிருந்து ஓர் இரண்டு சத நாணயத்தை எடுத்துப் பிளவுக்குள் செருகினார். அது விழாமல் நின்றது. இரண்டு பக்கச் சட்டகத்தையும் பிடித்து உள்நோக்கி அமுக்கினார். நாணயம் அசையவில்லை. பிறகு பலகையைத் தூக்கிக் காதருகே வைத்து இரண்டு தரம் ஆட்டினார். அறையில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மட்டுமே கேட்டது.

"மண்டபத்தை ஒருக்கால் பாத்துக்கொண்டு உம்மடை வீட்டை போவம்," என்றார்.

பலகையையும் எடுத்துக்கொண்டு சடகோபனின் காரில் போனார்கள். மண்டபத்தில் அந்த அலுமாரி எரிவாயு ஹீட்டருக்குப் பக்கத்திலேயே நின்றது. வார நாட்களில் அங்கே சிறு பிள்ளைகளை விளையாட விடுகிறார்கள் என்றும், காலையிலிருந்து மாலைவரை ஹீட்டர் எரியும் என்றும் காவலாளி சொன்னார். குளிருக்கு அவர் அன்றும் அதை எரிய விட்டிருந்தார்; அலுமாரிக் கதவு வெதுவெதுப்பாக இருந்தது. ரஞ்சினிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஹீட்டரா சுத்தியல் எடுத்தது?

வீட்டில் தேவராஜா குசினியில் தேத்தண்ணி போட்டார். வரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை செய்பவர்; ஒழுங்கான, அமைதியான மனிதர். ஈஸ்வரமூர்த்தி ஒரு பழைய கதிரையில் அமர்ந்து, முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தார்.

"பழங்கதிரை. ஆனா ஒரு ஆட்டமும் இல்லை."

"இவருக்கு ஆடுற சாமானைக் கண்ணிலை காட்டக்கூடாது," என்றாள் ரஞ்சினி. "குழாய், கதவுப் பிடி, கதிரைக் கால், எல்லாத்தையும் இறுக்கினால்தான் நித்திரை வரும்."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து கதிரைக் காலின் மூட்டைத் தடவினார். "தம்பி, நீங்கள் என்ன நினைக்கிறியள்? ஆர் உடைச்சிருப்பினம்?"

"நித்திதான், வேறை ஆர்?" என்றார் தேவராஜா கோப்பையைப் பார்த்தபடி. "அவ்வளவு இறுக்கமாய் இருந்த பலகை தானாய் வெடிக்குமே?"

ஈஸ்வரமூர்த்தி தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, உம்மட்டை ஒரு கேள்வி. இந்தப் பலகையை ஒருத்தன் அடிச்சால் எந்த இடத்திலை உடையும்?"

"குறுக்கை வெட்டி ஒட்டின மூட்டிலை. நார் முனையும் நார் முனையும் சேர்ற இடம்தான் பலவீனம்." சொல்லிக்கொண்டே அவள் பலகையைப் பார்த்தாள். பிளவு அந்த மூட்டுகளை எல்லாம் வெட்டிக்கொண்டு, மரத்தின் நார் ஓடிய திசையிலேயே நேராகப் போயிருந்தது. அவள் விரலை அதன் வழியே ஓட்டிப் பார்த்தாள்.

"அடிச்சுப் பிளந்த மரத்தைச் சேர்த்துவைச்சால் வாய் மூடும்," என்றார் அவர். "இது மூடேல்லை. நடுவிலை மரம் குறைஞ்சுபோச்சு. சுருங்கியிருக்கு. அஞ்சாறு நாள் ஹீட்டர் வெக்கையிலை இருந்திருக்கு."

"ஆனா சார், சுருங்கறதுக்கு இடம் விட்டிருக்காங்களே," என்றான் சடகோபன்.

"விட்டவ. ஆட்டினால் சத்தம் கேக்கும் எண்டு அவவே சொன்னவ. நான் ஆட்டேக்கை உமக்குக் கேட்டதோ?"

சடகோபன் யோசித்தான். "இல்லை."

அவர் பலகையைக் கவிழ்த்து, பேனாக்கத்தி முனையால் காடிக்குள் கிளறி, ஒரு சிறு துணுக்கை எடுத்து ரஞ்சினியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் நகத்தால் கிள்ளினாள். ரப்பர்போல இழுபட்டது. வச்சிரம் காய்ந்தால் நொறுங்கும், இப்படி இழுபடாது. இது போத்தலில் விற்கும் வெள்ளைப் பசை.

"அதே பசைதான் இந்தக் கதிரைக் கால் மூட்டிலையும் இருக்கு," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "பலகையைக் கண்ட எல்லாரும் அது ஆடுது எண்டுதான் சொன்னவை. நித்தியானந்தன் கிலுகிலுப்பை எண்டவர். ஒரே ஒரு ஆள்தான் இறுக்கமாய் இருந்தது எண்டு சொன்னவர், இப்ப, இந்த மேசையிலை. இறுக்கின ஆளுக்குத்தான் அது தெரியும்."

ரஞ்சினி கணவரைப் பார்த்தாள்.

"நீங்கள் ஒட்டினனீங்களோ?"

"ஓம்." தேவராஜா தலை நிமிரவில்லை. "அந்த ஞாயிறு பின்னேரம், நீர் கடைக்குப் போன நேரம். எல்லாரும் சிரிச்சது எனக்குப் பொறுக்கேல்லை. உமக்காகத்தான்."

"ஏன் ஒட்டாமல் விட்டனான் எண்டு உங்களுக்கு நான் சொல்லேல்லையோ?"

"சொன்னனீர். நான்..." அவர் நிறுத்தினார். "நான் நம்பேல்லை."

"வெடிச்சுக் கிடந்ததைக் கண்டவுடனை விளங்கினதோ?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "விளங்கினது."

ரஞ்சினியின் குரல் இப்போது உயரவில்லை. அது தாழ்ந்துதான் வந்தது. சடகோபனுக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. "ஒட்டினதுக்கு நான் ஒரு நாள் கத்தியிருப்பன், அதோடை முடிஞ்சிருக்கும். ரெண்டு கிழமையாய் நான் ஒரு மனிசனைப் பொறாமை பிடிச்சவன் எண்டு வீடு வீடாய்ச் சொன்னனான். அவரின்ரை மனிசியோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருந்து தலையாட்டினீங்கள். இப்பவும், இந்த மேசையிலை, நித்திதான் எண்டு சொன்னீங்கள்."

தேவராஜா எழுந்து கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் வைத்தார்.

வாசலில் சடகோபன் மெதுவாகக் கேட்டான்: "நாளைக்குக் கழகத்துல எல்லாரையும் கூப்பிட்டு நீங்களே விளக்கிடுங்களேன் சார்."

"நான் ஏன்?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "குற்றம் சொன்னது நானில்லையே."

ஞாயிறு பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. நித்தியானந்தனுக்கு ரஞ்சினியே தொலைபேசியில் பேசி வரச்சொல்லியிருந்தாள். அவர் மனைவியோடு பின்வரிசையில் இருந்தார். ரஞ்சினி பலகையை முன்மேசையில் வைத்து எழுந்து நின்றாள். கடும் கோபத்திலும் குரல் தெளிவாக வந்தது. அந்தக் கோபத்தில் பாதி தன்மீதே என்பதை முதல் நாள் இரவு முழுவதும் விழித்திருந்து அவள் கண்டுகொண்டிருந்தாள். விரிப்பை ஒரே ஒரு தரம் அவிழ்த்துப் பார்த்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். அவ்வளவு மரம் தெரிந்தவள்.

"இதை நித்தியானந்தன் உடைக்கேல்லை. ஒருத்தரும் உடைக்கேல்லை. பலகையைச் சட்டகத்தோடை ஒட்டினதாலை வெடிச்சது. பாக்காமல் பழி சொன்னது நான். இதே இடத்திலை சொன்னதை இதே இடத்திலை திருப்பி எடுக்கிறன். ஆர் ஒட்டினது எண்டதை நான் சொல்லமாட்டன். அது அவர் சொல்லவேண்டியது."

அவள் கதிரையில் அமர்ந்தாள். மூன்றாம் வரிசையில் தேவராஜா எழும்பி, முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான்தான் என்றார். தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் நித்தியானந்தன் முன்மேசைக்கு வந்தார். பிளவைக் குனிந்து பார்த்தார், ரஞ்சினியைப் பார்க்கவில்லை.

"உதைத் திருத்தலாமோ?"

"ஏலாது. புதிசாய்த்தான் செய்யவேணும்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"வேலை முடிஞ்சு வந்து செய்யிறது. ஏழு மாதம்."

"அப்ப ஏழு மாதத்துக்கு என்னோடை கதைக்காதையும்," என்றார் நித்தியானந்தன். "என்ரை மனிசியோடையும் கதைக்கவேண்டாம். பலகையைக் கொண்டாரும். பிறகு கதைப்பம்."

ரஞ்சினி தலையசைத்தாள். அந்தத் தண்டனை அவளுக்கு நியாயமாகப் பட்டது. முடிகிற நாள் ஒன்று அதற்கு இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தேவராஜா கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி குளிரில் நின்றார். அவருடைய தண்டனைக்கு அவள் இன்னும் முடிவு நாள் குறிக்கவில்லை. காரைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.