வேறு கை படாத பேனா

பேனாவில் மை இருந்தது.

பேனா என்றால் மை இருக்கத்தானே செய்யும் என்று வேறு யாரிடமாவது சொல்லலாம். அவளிடம் சொல்ல முடியாது. எழுத்தாளருக்குக் கழுத்தை நீட்டிய மறுநாளிலிருந்து அந்தப் பேனாவுக்குள் போன ஒவ்வொரு சொட்டும் அவள் கையால் போனது. அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று சாயங்காலம், வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் பெருமையை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தபோது, அவள் பின்பக்கம் குழாயடியில் நின்று அதைத் திருகிக் கழற்றினாள். நிப்பு வழியாக வரும் தண்ணீர் தெளிகிறவரை கழுவி, உதறித் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். புட்டியில் மிச்சமிருந்த மையைச் சாக்கடையில் கவிழ்த்தாள். இனிமேல் யாருக்கும் மை ஊற்ற வேண்டாம் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மை உறிஞ்சி ஊற்றுகிற ஃபில்லரை மட்டும் ஏனோ மேஜை இழுப்பறையிலேயே விட்டுவிட்டாள்.

இப்போது மேஜையைத் துடைக்க வந்தவள் பெட்டியைத் திறந்தால், பேனா கனத்தது. திருகிப் பார்த்தாள். கழுத்துவரை நீலக்கறுப்பாக நின்றது. சிந்தாமல், விளிம்பில் கறைபடாமல், அவள் ஊற்றுவதுபோலவே ஊற்றியிருந்தது.

நாத்தனார் வேலைதான் என்று அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. எழுத்தாளரின் தங்கை அவள். மாடியில் தனியாகக் குடியிருப்பவள். அண்ணன் தும்மினால்கூட அதில் ஒரு கருத்து இருக்கும் என்று நம்பியவள்.

"நான் எதுக்கு அண்ணி அதைத் தொடப் போறேன்? அண்ணன் பேனாவைத் தொட்டா கை வெந்து போயிடும்னு சின்ன வயசிலயே பயமுறுத்தி வச்சிருக்காரு." நாத்தனார் படியில் நின்றபடி அவளை உற்றுப் பார்த்தாள். "அது சரி, நீங்க ராத்திரி தூங்கறதே இல்லையா? கீழே டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கே."

"என்ன சத்தம்?"

"அண்ணன் மை தீர்ந்தா மேஜையில தட்டுவாரே, அந்த மாதிரி." சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே முகம் சுருங்கினாள். "கண்ணு ஓரத்துல என்ன நீலமா? கையைக் கழுவாம தேய்ச்சுக்கிட்டீங்களா?"

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியாதா? எழுதிக்கொண்டே இருப்பார், மை தீர்ந்ததும் பேனாவின் பின்முனையால் மேஜையைத் தட்டுவார், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் பேனாவைப் பக்கவாட்டில் நீட்டுவார். அவ்வளவுதான். அவள் அடுப்பில் எது கொதித்தாலும் போட்டது போட்டபடி ஓடிவந்து, இடது கையால் பேனாவை வாங்கி, ஊற்றி, துணியால் துடைத்து, நீட்டியபடியே இருக்கும் விரல்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். ஊற்றலாம், துடைக்கலாம். ஒரு கோடு இழுத்துப் பார்க்கக் கூடாது. "நிப்பு என் கைக்குத் தேய்ஞ்சிருக்கு. வேற கை பட்டா கெட்டுடும்" என்பார். கதைகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ராத்திரிப் படுக்கையில் அவள் வாயிலிருந்து பிடுங்கிய கதைகள்தான் பகலில் அவர் கையெழுத்தில் காகிதத்தில் இறங்கின. அவள் அம்மா, அவள் சித்தி, அவள் அழுத அழுகை எல்லாம் அவர் பெயரில் அட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போயின. ஊரே மெச்சியது. பெண் மனசை இப்படிப் புரிந்துகொண்டவர் உண்டா என்று மேடையில் கேட்டார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

ஒரு கதையை மட்டும் அவள் தரவில்லை.

பல் முளைக்கும் முன்பே போய்விட்ட பெண் குழந்தையின் கதை. அன்றைக்கு அவர் வெளியூரில் பாராட்டுக் கூட்டத்தில் இருந்தார். தகவல் போயிற்று. கூட்டம் முடிந்துதான் வந்தார். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, பேனாவை மூடி வைத்துவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்பார்: "கடைசியில எப்படி இருந்தா? கையை எப்படி வச்சிருந்தா? சொல்லேன், எழுதணும்."

"எதை வேணாலும் எடுத்துக்குங்க. இதைத் தர மாட்டேன்."

சாகக் கிடந்தபோதும் அதையே கேட்டார். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பதிப்பாளர் மத்தியானம் வந்தார். வழுக்கையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே, "குழந்தையைப் பத்திக் கடைசியா ஒண்ணு எழுதப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரும்மா. ஏதாவது வச்சிட்டுப் போயிருக்காரா?" என்று கேட்டார்.

"அது என் கதை. நான் எழுதித் தரேன். என் பேர்ல போடுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. "எழுதுங்களேன். 'எழுத்தாளரின் மனைவி'ன்னு அட்டையில பெரிசாப் போட்டா நல்லாவே போகும்."

"அவரை அட்டையில ஏத்தாதீங்க. நான் மட்டும் போதும்."

"சரிம்மா. எழுதுங்க, பார்க்கலாம்." பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதிப்பாளர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டாள். வீட்டில் பத்து ரூபாய்ப் பேனா எத்தனையோ கிடந்தது; எதை எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள். ஆனால் ஆசை வந்துவிட்டது. ஆசைகூட இல்லை, வன்மம். அவருடைய நாற்காலியில், அவருடைய மேஜையில், அவர் தொடவிடாத பேனாவால், அவருக்குத் தராத கதையை எழுத வேண்டும். யார் ஊற்றிய மையாக இருந்தால் என்ன என்று மூடியைத் திருகினாள். நிப்பிலிருந்து வந்த வாசனை கடையில் வாங்கும் மையின் வாசனை இல்லை. கொஞ்சம் உப்பாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக, அழுது முடித்த பின் மூக்குக்குள் தங்குமே, அது போல இருந்தது.

முதல் எழுத்தே கீறியது. காகிதத்தில் நார் எழும்பியது. நிப்பு அவர் கைச் சாய்வுக்குத் தேய்ந்து போயிருந்ததால் அவள் பிடிக்கு இணங்கவில்லை. சும்மா ஒரு சோதனைக்காக, மணிக்கட்டை அவர் மடிப்பதுபோல மடித்து, பேனாவை அவர் சாய்ப்பதுபோலச் சாய்த்தாள்.

வழுக்கிக்கொண்டு ஓடியது.

அப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. நினைத்து முடிப்பதற்குள் எழுத்து வந்தது. வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது, விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மோதிக்கொண்டிருந்தன, நிப்பு காகிதத்தில் உரசும் சத்தம் அரிசி களைவதுபோல இடைவிடாமல் கேட்டது. ஒரு பக்கம் நிறைந்ததும் நிமிர்ந்து, என்ன எழுதியிருக்கிறோம் என்று ஆசையோடு படித்துப் பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்றுதான் அவள் தொடங்கியிருந்தாள். காகிதத்தில் இருந்தது வேறு.

'என் மகள் போன அன்று நான் அவள் அருகில்தான் இருந்தேன். என் மனைவி அடுப்படியில் இருந்தாள்.'

கையெழுத்து அவருடையது.

கிழித்தாள். சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். பேனாவைக் கழுவி, காலியாக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். துக்கம், தூக்கமில்லாத உடம்பு, பழகிய கையெழுத்து கண்ணில் நிற்கிறது, வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விடிந்து பார்த்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. பேனா கனத்தது. தலையணை உறையில், கண் பதிந்த இடத்தில், நீலமாக ஒரு வட்டம் ஊறியிருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் அவள் அந்த நாற்காலியில் இருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தோம் என்பது தெரியாது. பேனாவைத் தூக்கி வீசியது நினைவிருக்கும். அது விரல்களுக்கிடையில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் அவளே திருப்பி எழுதப் பார்த்தாள். 'அவர் இல்லை' என்று அழுத்தி எழுத முயன்றாள். நிப்பு கீறும், கிழிக்கும், மணிக்கட்டில் சுருக்கென்று குத்தும். சாய்த்துப் பிடித்த நொடியில் வலி நின்றுவிடும். 'நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தேன்' என்று ஓடும். நடந்தவள் அவள். கால் வீங்க வீங்க நடந்தவள் அவள். புளுகுணி, செத்தும் புளுகுகிறாயே என்று வாய்விட்டுத் திட்டினாள். குரல் கூடத்தில் போய் மோதித் திரும்பியது. மாடியில் நாத்தனார் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பார்வை வேறு மங்கிக்கொண்டு வந்தது. முதலில் ஓரங்கள் வெளுத்தன. பிறகு சுவரில் இருந்த அவர் படத்தின் சட்டம் வெளுத்தது. பாத்திரத்தின் பளபளப்பு, நாத்தனாரின் முகம், எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கரைத்ததுபோல நிறம் விட்டுப் போயின. காகிதத்தில் மட்டும் எழுத்து நாளுக்கு நாள் கறுத்தது.

இன்றைக்கும் மழை. விளக்கு எரிகிறது, அவளுக்கு அது ஒரு மஞ்சள் கறை. பேனா ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் யாரிடமும், பெற்ற தாயிடமும் சொல்லாத இடத்துக்குப் போகிறது. கடைசி நேரத்தில் குழந்தை அவள் இடது கைச் சுண்டுவிரலை மூடிப் பிடித்திருந்தது. மூச்சு நின்ற பிறகும் அந்தப் பிடி விடவில்லை. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பிடி ஒன்றுதான்.

'அவள் என் சுண்டுவிரலை' என்று எழுதியது கை.

"வேண்டாம்" என்றாள். "ஐயோ, அதை விட்டுடுங்க. உங்க கால்ல விழறேன்."

அடுத்த எழுத்து வெளிறியது. அதற்கடுத்தது பாதியில் நின்றது. நிப்பு வெறுமனே கீறியது.

மை தீர்ந்துவிட்டது.

அவள் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். புட்டி இல்லை. வீட்டில் ஒரு சொட்டு மை இல்லை. தராத கதை தராததாகவே நின்றுவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒன்றில் அவள் ஜெயித்திருக்கிறாள்!

டொக். டொக்.

சத்தம் மேஜையிலிருந்து வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கை. பேனாவைத் திருப்பிப் பிடித்து, பின்முனையால் தட்டுகிறது. டொக். டொக். தட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல், பக்கவாட்டில் நீட்டுகிறது.

நீட்டியபடியே இருக்கிறது.

போகாதே என்றாள் இடது கையிடம். குழந்தை பிடித்த கை அது. அவளுடைய கை. போகாதே.

போயிற்று.

போட்டது போட்டபடி ஓடிவரும் பழக்கம். பேனாவை வாங்கியது. மேஜையில் ஊன்றித் திருகியது. இழுப்பறையைத் திறந்தது. ஃபில்லரை எடுத்தது. ரப்பர் தலையை அழுத்திக் காற்றை வெளியேற்றியது.

புட்டியைத் தேடவில்லை.

மேலே வந்தது. கண்ணாடி முனை இமையின் ஓரத்தில் பட்டது. சில்லென்றது. பழகிய இடத்தில் வைப்பதுபோல, நடுங்காமல், சுண்டுவிரலால் கீழிமையை மெல்ல விலக்கிக்கொண்டது. ரப்பர் தளர்ந்தது. உள்ளே நீலக்கறுப்பு ஏறியது. விளக்கின் மஞ்சள் கறை இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

வலது கை நீட்டியபடி காத்திருந்தது.

"இதோ," என்றது அவள் வாய், அந்தப் பழைய அவசரக் குரலில், "ஊத்திட்டேங்க."

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.