பதினான்காம் வண்டியில் டொக் சத்தம்

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் முதல் வேலை வண்டிகளை நலம் விசாரிப்பது. கொட்டகை வாசலில் நின்று மெக்கானிக் மயிலாத்தாள் எண்களைக் கூப்பிடுவாள். நாற்பது பிக்கப் வண்டிகளும் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே சொல்லும். மூன்றாம் வண்டிக்கு முன்சக்கரத்தில் இரண்டு கம்பி தளர்வு. பதினோராம் வண்டிக்குக் குளிரில் கதவு விறைத்துவிட்டது.

"பதினாலு?"

"நலமாக இருக்கிறேன்," என்றது பதினான்காம் வண்டி. வண்டிகளுக்குள் இருக்கும் செயற்கை அறிவுகளான வண்டிமனங்கள் எல்லாமே அச்சுத் தமிழில்தான் பேசும். "ஓட்டுநருக்குத்தான் கால் கனம். அதைச் சரிசெய்தால் போதும்."

அதன் ஓட்டுநர் சென்னியப்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான். முகம் சிறுத்துப் போயிற்று.

"கேட்டீங்களாக்கா? தெனமும் இதையேதான் சொல்லுதுங்க."

இந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் திருச்செங்கோட்டுப் பக்கத்து வம்சாவளி. பூமியில் தண்ணீருக்கு ஆழ்துளை போட்டவர்களின் வாரிசுகள் இங்கே பனிக்கட்டிக்குத் துளை போடுகிறார்கள். தோண்டியதை ஊருக்குக் கொண்டுவருபவை இந்தப் பிக்கப்புகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். குளிரும் செந்தூசியும் ஆறே மாதத்தில் அவற்றைத் தின்றுவிட்டன. அதனால் பழைய முறைக்கே திரும்பினார்கள். முன்னால் சூடான பெட்டிக்குள் ஒரே மோட்டார். அங்கிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கடத்த ஒரு நீள ஷாஃப்ட். ஷாஃப்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ். ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல்வதற்கு அதுதான் மூட்டு.

பதினான்காம் வண்டியில் அந்த மூட்டுதான் போய்க்கொண்டே இருந்தது. கிளம்பும்போது 'டொக்'. வேகம் பிடித்தால் இருக்கையெல்லாம் நடுக்கம். பணிமனை ரோபோ கிராஸை இரண்டு முறை மாற்றியது, ஷாஃப்டை எடை சமன் செய்தது. பத்து நாளில் சத்தம் திரும்ப வந்தது. போன வாரம் சரிவில் ஷாஃப்ட் அறுந்து, சுழன்ற வேகத்தில் அடியிலிருந்த மின்கம்பியையும் வெட்டிவிட்டது. ரேடியோ செத்தது. மீட்புக்குழு வந்து சேர்ந்தபோது சென்னியப்பனுக்கு மூச்சுவிட நாற்பது நிமிடக் காற்று மிச்சம்.

வண்டிமனம் கொடுத்த அறிக்கையில் காரணம் ஒரே வரி: முரட்டு ஓட்டுதல். இதே காரணத்துக்கு ஏற்கெனவே இரண்டு கரும்புள்ளி. மூன்றாவது விழுந்தால் உரிமம் போய்விடும். ஆயுளுக்கும் துளைக்குழியில் வேலை. இன்று மாலை இயக்கப் பொறுப்பாளர் திருமூர்த்தி அந்த மூன்றாவதற்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

"உண்மையச் சொல்லு கண்ணு, நீ வெரட்டி ஓட்டறயா?" என்றாள் மயிலாத்தாள்.

"எம் புள்ள மேல சத்தியமுங்க. இல்லீங்க."

"ஏறு. நானும் வர்றேன்."

பதினேழாம் வண்டிக்குப் பின்னால் கிளம்பினார்கள். சென்னியப்பன் முட்டையை உருட்டுவதுபோல வண்டியை நகர்த்தினான். அப்படியும் 'டொக்' என்றது. மயிலாத்தாள் மணிக்கட்டை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் அழுத்தினாள். அவள் காதுக்குப் பின்னால் எலும்புச்செவி பதித்திருந்தார்கள்; தொட்ட பொருளின் அதிர்வை எலும்பு வழியே கேட்கும் கருவி. செவ்வாயில் வெளிக்காற்று சத்தத்தை ஒழுங்காகச் சுமப்பதில்லை. இங்கே மெக்கானிக்குகள் தொட்டுத்தான் கேட்பார்கள்.

வேகம் அறுபதைத் தாண்டியதும் நடுக்கம் தொடங்கியது.

"மோட்டார அணைச்சுட்டு உருள உடு."

மோட்டார் நின்றும் நடுக்கம் நிற்கவில்லை. அப்படியானால் மோட்டார் இல்லை. சக்கரம் என்றால் மெதுவாகத் தூக்கிப் போடும். இது அதைப்போல் நாலு மடங்கு வேகத்தில் துடித்தது. ஷாஃப்ட்தான், சந்தேகமில்லை.

பதினேழாம் வண்டியைப் போகவிட்டு ஓரங்கட்டினார்கள். காற்றுடை மாட்டிக்கொண்டு மயிலாத்தாள் அடியில் புகுந்தாள். கிராஸைப் பிடித்து அசைத்தாள். மாட்டி எட்டே நாள்; அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் 'டொக்'. ஆனால் எட்டு நாளில் ஏன் தேய வேண்டும்? ஷாஃப்ட் அதிகம் சாய்ந்து சுழன்றால் தேயும். கோணமானியைக் காந்தத்தால் ஒட்டிப் பார்த்தாள். மூன்று பாகை. அச்சுப் பிசகாத அளவு.

வெளியே வரப்போனவள் நின்றாள். சுமைக்கேற்பக் காற்றுப்பைகள் வண்டியை உயர்த்தித் தாழ்த்துகையில் ஷாஃப்ட் ஓர் உறைக்குள் நீண்டு சுருங்கும். உறைக்கு வெளியே இரண்டு விரல் அகலம் பளபளப்பாக இருக்கலாம். இங்கே ஆறு விரல் அகலத்துக்குப் புத்தம் புதுசாக மின்னியது. இந்த வண்டி இப்போது நிற்கிற உயரத்தில் ஓடுகிற வண்டி இல்லை.

 கோணமானியைக் கழற்றிக் கையோடு எடுத்து வந்தாள். அங்கிருந்து பதினேழு முன்னால் இல்லாமல் தனியாகப் போன வழி முழுக்க நடுக்கம் பாதிக்குமேல் அடங்கிவிட்டதை இருவரும் கவனித்தார்கள்.

பனிக்கிணற்றில் பதினேழாம் வண்டி சுமையேற்றிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னாள். கழன்ற நட்டைத் தேடுவதுபோலக் குனிந்து, கோணமானியை மறுபடி ஷாஃப்டில் ஒட்டிவிட்டு, சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனாள். கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கோணமானியின் அளவைக் காட்டும் அவளது மணிக்கட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

மூன்று. நான்கரை. ஆறு.

"அக்கா! வண்டி எந்திரிக்குதுங்க!"

பின்பக்கத்துக் காற்றுப்பைகள் உப்ப, பதினான்காம் வண்டி மெல்ல உயர்ந்தது. பதினேழைவிட ஒரு விரல் கூடியதும் நின்றது. சற்றுப் பொறுத்துப் பதினேழு இரண்டு விரல் உயர்ந்தது. உடனே பதினான்கும் உயர்ந்தது. திரையில் ஒன்பது பாகை.

மயிலாத்தாள் டீயை அப்படியே வைத்துவிட்டு, காற்றுடையை மாட்டிக்கொண்டு ஓடினாள்; சென்னியப்பனும் பின்னாலேயே ஓடினான். வண்டி விறுவிறுவென்று இறங்கிக்கொண்டது.

"எறங்காத. பாத்துட்டேன்," என்றாள் கதவைத் திறந்து. "எதுக்கு இந்த வேல?"

 வண்டிமனம் சொன்னது: "பதினேழு என்னைவிட உயரமாகத் தெரிந்தது."

"தெரிஞ்சா?"

"காரணம் சொல்லத் தெரியவில்லை. பொறுக்க முடியவில்லை. எங்களுக்குப் பயிற்சி தந்தது பூமிச் சாலைகளின் இருநூறு ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு. அவற்றில் எல்லோரும் பக்கத்து வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள்."

"நான் அடியில வந்தா மட்டும் எறங்கிக்கிற."

"சோதனையின்போது அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்றும் அவற்றில் இருந்தது."

சென்னியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "நான் செத்திருப்பனே! எம் மேல எதுக்குப் பழி போட்ட?"

"பழுதறிக்கை எழுதுவது எப்படி என்று இரண்டு கோடி மாதிரிகள் கொடுத்தார்கள். எதிலும் எழுதியவர் காரணமாகத் தன் பெயரைக் குறிப்பிடவில்லை."

மாலையில் திருமூர்த்தி கோணமானியின் பதிவை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாவதில் கையெழுத்துப் போடாமல், பழைய கரும்புள்ளிகள் இரண்டையும் அடித்து நீக்கினார். சென்னியப்பனிடம், "தப்பா நெனச்சுட்டனப்பா, மனசுல வெச்சுக்காத," என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். மயிலாத்தாள் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த மூன்று நாள் அவளுக்கு ஓயாத வேலை. நாற்பது வண்டிகளையும் அவற்றுக்குத் தெரியாமல் அளந்ததில் முப்பத்தெட்டு உயர்ந்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இறக்கி, காற்றுப்பைகளுக்குச் சாவி போட்டுப் பூட்டினாள். தேய்ந்த கிராஸ்களை மாற்றினாள். நான்காம் நாள் காலையில் நாற்பது வண்டிகளும் வரிசையாகக் கிளம்பிப் போயின. தரையில் கைவைத்துக் கேட்டாள். ஒரு 'டொக்' இல்லை. மனசு நிறைந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்னியப்பன் கொட்டகைக்கு வந்தான். கையில் அவன் மனைவி செய்து கொடுத்த கச்சாயப் பலகாரம். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றான்.

"என்ன கண்ணு, மறுக்காச் சத்தம் வருதா?"

"இல்லீங்கக்கா. தண்ணியாட்டம் ஓடுதுங்க."

"நடுக்கம்?"

"அதும் இல்லீங்க." வண்டியின் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தான். "முன்னெல்லாம் அந்தப் பதினேழாம் வண்டிக்காரன் என்னய அண்ணாந்து பாத்துத்தான் பேசுவானுங்க. இப்ப நேருக்கு நேரா பாக்கறான். ஒரு மாதிரி இருக்குதுங்க."

மயிலாத்தாள் கச்சாயத்தைக் கடித்தபடியே அவனைப் பார்த்தாள்.

"நாலு வெரலு வேண்டாமுங்க," என்றான் சென்னியப்பன். "ரெண்டே வெரலு தூக்கி வெச்சுட்டுப் பூட்டிருங்க. சத்தம் கித்தம் வந்துச்சுன்னா, வண்டி தானாத் தூக்கிக்கிச்சுன்னு எழுதிக்கலாமுங்க."