ஆறாவது சிலிண்டரில் மஞ்சள் குறி

அந்த வண்டியை எடுத்துவர உருளைக்கிழங்கு வயலோரக் கொட்டகைக்குப் போனபோது பட்டப்பகல். உள்ளே மட்டும் கும்மிருட்டு. எலிப்புழுக்கையும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை. அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பச்சை வண்டி, இதுவரை யாரும் பிரிக்காத என்ஜின். என் தம்பி வால்டர் புது மாப்பிள்ளை மாதிரிப் பல்லிளித்தான்.

மிச்சிகனில் எங்கள் கார்ப் பந்தயத்துக்கு ஒரே விதிதான். வெளிப்பார்வைக்கு வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே என்ன செய்தாலும் கேட்பாரில்லை. தொழிற்சாலையில் சிந்திய பெயின்ட் சொட்டைக்கூட அதே இடத்தில் திரும்ப வைப்பதில் வால்டர் கில்லாடி.

என்ஜினின் அழுக்கைச் சுரண்டியது நான். ஆறாவது சிலிண்டருக்கு வெளியே மஞ்சள் சாக்கட்டியில் ஒரு பெருக்கல் குறி. கடைசியில் அதையும் வரைய வேண்டுமே என்று வால்டர் படம் எடுத்துக்கொண்டான். மண்ணெண்ணெய்த் துணியால் நான்தான் அதைத் துடைத்தேன்.

"கடையறதுக்கு முன்னாடி சிலிண்டர் சுவர் கனம் அளந்தியாடா?"

"எருமை மாதிரி வார்த்து வச்சிருக்கான், அளக்கணுமாக்கா? போய் காபி போடு."

"ஆமா, உனக்குக் காபி போடத்தானே நான் பொறந்தேன்!"

எட்டுச் சிலிண்டரையும் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன்களை மாட்டினான். மறுநாள் காலை பட்டறைக் கதவைத் திறந்தேன். உள்ளே யாரோ இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிங். டிங். டிங். டிங். டிங்.

டொக்.

டிங். டிங்.

ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். யாருமில்லை.

ஆறாவது சிலிண்டரில் மஞ்சள் குறி.

"இன்னும் பெயின்டே அடிக்கல, அதுக்குள்ள வரைஞ்சிட்டியா?" என்றேன்.

"நானா? நீதானே என்னை வம்புக்கு இழுக்கற?"

அதன் மேலேயே பெயின்ட் அடித்தான். மறுநாள் பெயின்டின் மேல் அது இருந்தது. "விடுக்கா, எனக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தான். அன்றே அந்த என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும், பாவி நான்.

சனிக்கிழமை மதியம் பந்தயம். சோதனை செய்தவர் கிழவர் மெர்வின், ஒரு காலத்தில் அந்த என்ஜின்களை வார்த்த ஆலையில் வேலை பார்த்தவர். டார்ச் அடித்துப் பார்த்து வால்டருக்குச் சம்மதம் சொன்னார். அவன் வண்டியைக் கிளப்பிப் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அந்த மஞ்சள் குறி எங்க ஆலையில எர்வின் போடறதும்மா. ஒவ்வொரு சிலிண்டரா தட்டித் தட்டிப் பார்ப்பாரு. சத்தம் மந்தமா வந்தா சுவர் மெலிசு, இதைக் கடையாதேன்னு அர்த்தம். பாவம், அவர் செத்து நாப்பது வருஷமாச்சு. நல்லவேளை, இதை யாரும் கடையல."

எட்டையுமே கடைந்திருந்தான் வால்டர்.

"வால்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

பாதி தூரத்தில் ஆறாவது சிலிண்டர் பிளந்தது. கொதிநீரும் எண்ணெயும் பின்சக்கரங்களுக்கு அடியில் கொட்ட, வண்டி வழுக்கிச் சுவரில் மோதியது.

"ரெண்டு மூணு விலா எலும்புல கீறல்தான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். எனக்கு உயிரே திரும்பி வந்தது. மறுநாள் மதியம் வால்டர் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நான் மட்டும். எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாடை.

டக்.

அவன் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

டக். டக். டக். டக்.

டொக்.

போர்வையை விலக்கினேன். இடது பக்கம், ஆறாவது விலா எலும்பின் மேல் மஞ்சள் குறி.

ஈரத்துணியோடு வந்த நர்ஸ் முகம் சுளித்தாள். "யாருங்க இது, நோயாளி மேல சாக்கட்டியால கிறுக்கினது?"

துடைக்க நீண்ட கையை எட்டிப் பிடித்தேன்.

"துடைக்காதீங்க! டாக்டரைக் கூப்பிடுங்க, இப்பவே!"

அவள் ஓடினாள். அறையில் எங்களைத் தவிர யாருமில்லை. வால்டரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இந்த முறை தட்டல் ஏழாவதுக்கு நகரவில்லை.

டொக். டொக். டொக்.