ஈரச் சாக்கு

வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கிய பிறகும் பூசணி வயலுக்கு ஒரு தேனீகூட வரவில்லை. விடியலில் விரிந்த பூக்கள் மஞ்சளாக வாயைத் திறந்தபடி கிடந்தன. பத்து மணிக்குமேல் அவை மூடிக்கொள்ளும், பிறகு எது வந்தும் பயனில்லை. இந்நேரம் வயல் முழுக்க ரீங்காரம் எழும்பி, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இன்று வாய்க்கால் தண்ணீரும் தன் மூச்சும் மட்டும்தான் வயல்காரருக்குக் கேட்டன. எங்கே போய்த் தொலைந்தன என்று அலுத்துக்கொண்டவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தங்கையிடம் தேன்பெட்டிகளைத் திறக்கச் சொல்லவில்லை.

வயலுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். கணவன் இறந்தபின் பதினோரு தேன்பெட்டிகளே அவளுக்குத் துணை. அண்ணன் மருந்தடிக்கப் போகிறார் என்றால் முந்தின மாலையே சொல்லிவிடுவார். தேனீக்கள் அடைந்ததும் பெட்டி வாசல்களை வலையால் மூடி, ஈரச் சாக்கைப் போர்த்துவாள். மறுநாள் மாலை மருந்து காய்ந்துவிட்டது என்று அவர் சொன்னதும் திறப்பாள். அதற்குமேல் அடைத்து வைத்தால் உள்ளேயே வெந்து செத்துவிடும்.

"மருந்துன்னு நீதான் சொல்றே. அதுங்களுக்கு அது விஷம்ணா" என்பாள் சாக்கை நனைத்துக்கொண்டே. கோடையில் பெட்டி வாசலில் அவை வரிசையாக நின்று சிறகால் வீசிக் கூட்டைக் குளிர வைப்பதை அவருக்குக் காட்டுவாள். நம்ம வீட்டு ஆட்கள் யாராவது இப்படி வீசிவிடுவார்களா என்று கேலி செய்வாள்.

போன வருஷம் அவர் சொல்லுமுன் அவசரப்பட்டுத் திறந்துவிட்டாள். நான்கு பெட்டித் தேனீக்கள் வாசலிலேயே சுழன்று சுழன்று விழுந்தன. விஷம் தெளித்தவர் அவர், திட்டியவரும் அவர்தான். "நான் சொல்ற வரைக்கும் நீ ஒண்ணையும் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?" அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

இந்த முறை, முந்தாநாள் மருந்தடித்துவிட்டுக் களைப்பில் குளித்துப் படுத்தவர், மறுநாள் விடியுமுன் காய் வண்டியோடு சந்தைக்குப் போய்விட்டார். கைப்பேசி காணோம் என்று மனைவி சொன்னபோது, ஒரு நாள் தொல்லை விட்டது என்று சிரித்தார். இப்போது ஓடிப்போய்க் கொட்டகையில் தொங்கிய மருந்தடிக்கும் சட்டையைத் துழாவினார். அந்தப் பையில்தான் இருந்தது. பாப்பா ஏழு முறை அழைத்திருந்தாள். கடைசி அழைப்பு நேற்று உச்சிவெயிலில். திருப்பி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் முற்றத்தில் பெட்டிகள் இல்லை. அவை இருந்த இடத்தில் வெளிறிய புல் பதினோரு சதுரங்களாகத் தெரிந்தது. வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் சாக்கு திணித்திருந்தது. சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உள்ளே ரீங்காரம் கேட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் படாமல் வீட்டுக்குள் இழுத்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. கதவில் கை வைத்தார். சுட்டது. இடுக்கு வழியே உருகிய மெழுகின் வாசனை வந்தது. அதற்கடியில் வேறொன்றும். புளித்த வாடை.

"பாப்பா."

ரீங்காரம் நின்றது.

"பாப்பா, கதவைத் திறம்மா."

"நீ சொல்லவே இல்லையேண்ணா."

குரல் கதவை ஒட்டி வந்தது. அவர் முழங்கால் உயரத்தில். உலர்ந்த குரல்.

"மருந்து காஞ்சிடுச்சா?"

"எப்பவோ காஞ்சிடுச்சும்மா. நான்தான் மறந்துட்டேன்." வாழ்நாளில் அவளிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப திறக்கலாமா?"

"திறம்மா."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவைத் தள்ளினார்.

இருட்டு. அனல். உள்ளங்காலில் தேன் ஒட்டியது. பெட்டிகளின் மூடிகள் கழன்று கிடந்தன. தேனடைகள் உருகித் தரையில் ஓடியிருந்தன. கதவருகே யாரும் இல்லை.

எதிர்ச்சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கை ஒரு சாக்கைப் பிடித்தபடி விறைத்திருந்தது. அது காய்ந்த சாக்கு. நேற்றே போய்விட்டாள். பார்த்ததுமே தெரிந்தது.

அவள்மேல் உச்சி முதல் பாதம் வரை தேனீக்கள். செத்தவை. கால்கள் மடங்கி, சருகாகிப் போனவை.

சிறகுகள் மட்டும் அசைந்தன. எல்லாச் சிறகுகளும். ஒரே சீராக.

காற்றே நுழையாத அந்த அறையில் பாப்பாவின் நெற்றி முடி மெல்லப் பறந்துகொண்டிருந்தது.